இருபத்தெட்டு

ஜூலியட் நித்திரை கொள்ளவில்லை. இதை நான் இந்தத் தாழ்வுபாட்டுக் கரையில் சொல்லாத ஆள் இல்லை. மீன் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன், கோயில் வாசலில் நின்று சொன்னேன், அவளைப் பெற்ற லூர்தம்மாவிடம் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். கேட்டால்தானே. எங்கள் சனம் ஒருத்தியைப் பற்றி ஒருமுறை ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரிய கரைச்சல்.

அவர்களுடைய வளவும் என்னுடைய வளவும் ஒரு கிடுகு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். லூர்தம்மாவும் மகன் ரொபின்சனும் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்கள். மூத்தவள் ஜூலியட் அந்த நேரம் இலுப்பைக்கடவையில் பெரியம்மா வீட்டில் நின்றாள். பாதை பூட்டிவிட்டது, பிள்ளையால் இங்கே வந்துசேர முடியவில்லை. தாயை ஒரு கரையிலும் மகளை மறு கரையிலும் விட்டுவிட்டுச் சண்டை இருபது வருடம் நடந்தது. ரொபின்சன் மண்டபம் முகாமில் வளர்ந்தான், பைபர் போட் ஒட்டுகிற வேலை பழகினான், முகாமிலேயே பிறந்து வளர்ந்த கிருஷாந்தினியைக் கலியாணம் முடித்தான். இங்கே ஜூலியட்டும் ஒருவனை முடித்தாள். வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசிச் சண்டையில் புருஷனையும் சின்ன மகனையும் கொடுத்துவிட்டு, இந்தியாவிலிருந்து திரும்பி வந்திருந்த தாயிடம் ஒரு பையோடு தனியாக வந்து சேர்ந்தாள்.

மகன் செத்த கதையை அவள் வந்த புதிதில் தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள். பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள், நாட்கணக்கில் கண் மூடாத உடம்பு, கொஞ்சம் அயர்ந்துவிட்டாளாம். அந்த நேரத்தில் பிள்ளை வெளியே போய்விட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்ததைத் தவிர, வேறு ஒருவருக்கும் தெரியாத கதை. தாய் என்று நம்பித்தான் சொன்னாள்.

வந்து ஒன்றிரண்டு வருடம் அவள் ஆளாகவே இல்லை. சமைத்தாள், கூட்டினாள், கூப்பிட்டால் மட்டும் வந்தாள். அவளை மனிசியாக்கியது அந்தக் கடலட்டைத் தொட்டிகள்தான்.

ஒரு திட்டத்துக்காரர் வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு மூன்று சீமெந்துத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற கடலட்டைக் குஞ்சுகளைப் பையில் கொண்டுவந்து விடுவார்கள். விரல் நகத்தளவு வளரும்வரை இவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும், பிறகு அவை கடலில் அடைத்த பண்ணைக்குப் போகும். பார்க்கிறதென்றால் பச்சைப்பிள்ளை பார்க்கிற மாதிரி. வெளிச்சம் கூடாதென்று கறுப்புத் துணி மூடியிருக்கும், சும்மா தூக்கிப் பார்க்கக்கூடாது. தண்ணீர் சூடேறவும் கூடாது. சூடு இருபத்தொன்பது டிகிரியைத் தாண்டினால் தண்ணீரை உறைய வைத்த போத்தல்களைத் தொட்டிக்குள் மிதக்கவிட வேண்டும். அந்தப் போத்தல்கள் என்னுடைய பிரிட்ஜில்தான் கிடந்தன, என் மீனுக்கு அதில் இடமே இல்லை.

இந்தத் தொட்டிகளுக்கு முன்னால் ஜூலியட் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். ஒருவரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் மாற்றுவாள், பாசித் தீனி கரைத்து ஊற்றுவாள், பிறகு கதிரைக்கு வந்துவிடுவாள். என்னைக் கண்டால், "அக்கா, ரெண்டாந் தொட்டிக்காரர் நல்லாச் சாப்பிடினம்" என்று செய்தி சொல்வாள். சிரிக்கவும் தொடங்கினாள். அந்தச் சிரிப்பை இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தாளோ.

சூடு பார்க்கிற சாமானைச் செய்தவள் கிருஷாந்தினி. இராமநாதபுரத்தில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவள். அந்தப் படிப்பை இங்கே எந்தக் கந்தோரும் மதித்து வேலை கொடுக்காததால் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். தொட்டி வந்ததும் பிள்ளைக்குக் கை துருதுருத்தது. நகத்தளவு சென்சர் மூன்று எடுத்து, தொட்டிக்கு ஒன்றாகத் தண்ணீரில் இறக்கி, கூரை நெடுக ஒரே கம்பிச்சோடியை ஓடவிட்டு, கதவடியில் ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்து பூட்டினாள். பெட்டியில் சிவப்பாக ஒரு எண் தெரியும். மூன்று தொட்டியிலும் எதில் சூடு கூடவோ அந்த எண். இருபத்தொன்பதைத் தாண்டினால் பெட்டி கீச்சென்று கத்தும், என் வளவு வரைக்கும் கேட்கும்.

மூன்றுக்கும் ஒரே கம்பி போதுமா என்று ஒருநாள் கேட்டேன். "போதும் அக்கா. ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் இருக்கணும்" என்றாள். இரண்டு பாஷையும் கலந்துதான் அவள் பேசுவாள், அதற்கு மாமியாரிடம் வாங்கிக் கட்டுவாள். "பெட்டி முதல்ல ஒண்டாம் நம்பரைக் கூப்பிடும். அவர் மட்டும் வாயைத் திறந்து தன்ர சூட்டைச் சொல்லுவார், மற்றவங்க பேசாம இருப்பாங்க. பிறகு ரெண்டாம் நம்பர், பிறகு மூண்டாம் நம்பர்." சென்சர் ஒட்டியிருந்த குட்டிப் பலகையில் மூன்று ஈயப் பொட்டுக்கு இடம் இருந்தது. எதில் பொட்டு வைக்கிறோம், எதை வெறுமையாக விடுகிறோம் என்பதுதான் அந்த ஆளின் நம்பராம்.

எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. ரொபின்சன் வந்து கை வைத்தான். பிழை என்று சொல்ல மாட்டேன், அவன் தொழில் அப்படி. பைபர் ஒட்டுகிறவனுக்கு ஒரு வெடிப்பைக் கண்டால் கை சும்மா இராது. உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும் என்று, போட்டுக்கு ஊற்றுகிற ரெசினில் மிஞ்சியிருந்த நீலச் சாயத்தைக் கலந்து, சென்சர்களை ஒவ்வொன்றாக அதற்குள் அமிழ்த்தி இறுகவைத்தான். கல்லுமாதிரி நீலக் கட்டிகள். தண்ணீர் போகவில்லை, உண்மைதான். அந்த ஈயப் பொட்டுகளும் இனி ஒருவர் கண்ணுக்கும் தெரியாது என்பதை அவன் யோசிக்கவில்லை. கிருஷாந்தினியும் யோசிக்கவில்லை. முதலாம் தொட்டிக் கம்பியை ஆடு இழுத்து இழுத்து அறுக்கிறது என்று, அந்த முதலாம் நம்பரிலேயே இன்னொன்று மேலதிகமாகச் செய்திருந்தாள். அதையும் அவன் நீலக் கட்டியாக்கித் தன் சாமான் பெட்டிக்குள் போட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கம்பி கழன்றால் பெட்டி முழுதாக நின்றுவிடும். லூர்தம்மா, "இந்தியாச் சாமானும் இந்தியாக்காரியும்" என்று புறுபுறுத்தாள். அந்த வாய்க்குப் பயந்துதான் கிருஷாந்தினி, பதில் சொல்லாத நம்பரை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும்படி பெட்டிக்குள் எழுதி வைத்தாள். அதற்குப் பிறகு பெட்டி ஒருநாளும் நிற்கவில்லை. மாமியின் வாயும் கொஞ்சம் அடங்கியது.

மடு மாதாவின் ஆவணித் திருவிழா வந்தது. எங்கள் கரையில் அதற்குப் போகாத வீடு கிடையாது. லூர்தம்மாவும் மருமகளும் சட்டி பானையோடு முதலே போய் மரத்தடியில் கொட்டில் போட்டுவிட்டார்கள். ரொபின்சன் திருவிழாவன்று காலையில் போக நின்றான். தொட்டிகளை ஆர் பார்க்கிறது என்ற கேள்வி வந்தபோது ஜூலியட் தானாகவே சொன்னாள், தான் நிற்கிறேன் என்று. என்னிடம் வந்து அதைப் பெருமையாகச் சொன்னாள். "என்னை நம்பி விட்டுட்டுப் போகினம் அக்கா." எனக்குத் தெரியும், அவளுக்கு அது மடு மாதாவைக் காண்பதைவிடப் பெரிய விஷயம்.

வெளிக்கிடுகிற அவசரத்தில் ரொபின்சன் மூன்றாம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினான். வெளியே எடுத்து நிலத்தில் வைத்த சென்சரின் கம்பியைத் தானே மிதித்துப் பிடுங்கிவிட்டான். பதறவில்லை. எங்கள் கரையில் ஸ்பெயர் என்றால் ஸ்பெயர்தான். கடலுக்குப் போகிற போட் ஒவ்வொன்றிலும் மேலதிகமாக ஒரு பிளக் கிடக்கும். எவனுடைய எஞ்சின் நின்றாலும் எறிந்து கொடுப்பார்கள், அவன் பூட்டிக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். அவனும் தன் சாமான் பெட்டியைத் திறந்து, மேலதிகமாகக் கிடந்த நீலக் கட்டியை எடுத்து, கம்பியை முறுக்கிவிட்டான். கதவடியில் சிவப்பு எண் எரிந்தது. பிறகென்ன, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மடுவுக்குப் போய்விட்டான்.

அன்றைக்குச் சோளகக் காற்று விழுந்துவிட்டது. அந்த மாதத்தில் காற்று எங்களைக் கூரையோடு தூக்குகிற காற்று. அன்றைக்கென்று ஒரு இலை ஆடவில்லை. தகரம் காய்ந்து வெடிக்கிற சத்தம் கேட்டது. மத்தியானம் பாரைச் சொதியும் சோறும் ஒரு கோப்பையில் போட்டு அவளுக்கும் எடுத்து, உறைந்த போத்தல்களை வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜூலியட் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாளியைக் கண்டு சிரித்துவிட்டுப் பெட்டியைக் காட்டினாள். இருபத்தெட்டு. "இப்ப போடத் தேவையில்லை அக்கா. சும்மா குளிராக்கினாலும் குஞ்சுகளுக்குக் கூடாது எண்டு மச்சாள் சொன்னவ. கூடினா நானே வந்து எடுக்கிறன்." சோற்றைக் கதிரையிலிருந்தபடியே சாப்பிட்டாள், கண் பெட்டியில். நானும் பார்த்தேன். இருபத்தெட்டு அசையவேயில்லை. போத்தல்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் பிரிட்ஜில் அடுக்கினேன்.

மறுநாள் விடியத்தான் அவர்கள் மடுவிலிருந்து வந்தார்கள். தண்ணீர் மாற்றுவதற்காகத் துணியை விலக்கினார்கள். முதல் இரண்டு தொட்டியும் சுகம். மேற்குத் தகரத்தோடு இருந்த மூன்றாம் தொட்டியில், சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய குஞ்சுகள் எல்லாம் அடியில் வெள்ளைச் சளியாகக் கிடந்தன. ஜூலியட் துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தண்ணீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. திட்டத்திலிருந்து வந்து பார்த்தவர், இது சூடு பிடித்துச் செத்தது, வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூடு பிடித்திருந்தால் பெட்டி கத்தியிருக்கும். கத்தியிருந்தால் ஜூலியட் எழும்பியிருப்பாள். எழும்பவில்லை என்றால் என்ன கருத்து? கணக்கு அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"நான் முழிச்சுத்தான் இருந்தனான்" என்றாள் ஜூலியட். "இருபத்தெட்டுத்தான் நிண்டது. ஒருக்காலும் கத்தயில்லை."

கிருஷாந்தினி தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். "மெஷின் கத்தாம இருக்காது மச்சாள். நான் எத்தினை தரம் சோதிச்சுப் பார்த்தனான்." அவள் பொல்லாதவள் இல்லை. தன் படிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பெட்டி. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நான் வேலியைக் கடந்து போனேன். மத்தியானம் நான் வந்தேன், இவள் முழிப்பாக இருந்தாள், எண்ணை என் கண்ணாலும் கண்டேன் என்று சொன்னேன். நான் வந்து போன பிறகு பின்னேரம் முழுக்க யார் கண்டது என்று லூர்தம்மா கேட்டாள். பெட்டி கத்தினால் என் வளவுக்கும் கேட்கும்தான். ஆனால் அந்த நேரம் நான் வீட்டில் பாய் விரித்து நல்ல நித்திரை.

பிறகுதான் அந்தக் கிழவி அந்தச் சொல்லைச் சொன்னாள். மகளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்டைக்கும் நித்திரைதானே கொண்டனீ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஜூலியட்டின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எந்த நாளைச் சொல்கிறாள் என்று விளங்கியது. தாய் சொல்கிற சொல்லா அது? ரொபின்சன், "அம்மா, வாயை மூடுங்கோ" என்றான். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஜூலியட் தொட்டிமேல் துணியை இழுத்து மூடினாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தாள்.

அவர்கள் அவளைப் பேசித் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னித்துவிட்டார்கள். "போகட்டும் அக்கா, வெக்கைக்கு ஆருக்கும் கண் சொருகும்" என்று ரொபின்சன் ஆறுதல் சொன்னான். கிருஷாந்தினி அவளுக்கென்று முட்டை பொரித்துக் கொடுத்தாள். லூர்தம்மாவும் தன் வாய்க்கு வெட்கப்பட்டோ என்னவோ, ஒரு புதுச் சேலை எடுத்து அவள் கட்டிலில் வைத்தாள். ஆளுக்காள் அன்பாக இருந்து, நீ நித்திரை கொண்டாய், நீ நித்திரை கொண்டாய் என்று நாளும்பொழுதும் அவளுக்குப் படிப்பித்தார்கள்.

முதலில், தான் கண் மூடவில்லை என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் போக, "எனக்குத் தெரியாது அக்கா" என்றாள். புரட்டாதி பிறந்தபோது, "கொண்டிருப்பன்போல" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீ கொள்ளயில்லை, விசரி" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றாள். என்ன பாவத்தைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. உலையில் சோறு கொதிக்கும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றாள். தொட்டிப் பக்கம் போவதேயில்லை. கருவாடு காயப்போடுகிற பந்தலடியில் வேலையை எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. புதுக் குஞ்சு வரப்போகிறது என்று கிருஷாந்தினி தொட்டிகளைக் கழுவிவிட்டு, சென்சர்களையும் ஒருக்கால் சோதித்துவிடுவோம் என்று கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோனாள். நான் போத்தல் விஷயமாகக் கதைக்கப் போய் நின்றேன். இரண்டாம் தொட்டியின் நீலக் கட்டியைச் சுடுதண்ணீரில் பிடித்தாள், பெட்டி கீச்சென்று கத்தியது. முதலாவதைப் பிடித்தாள். எண் அசையவில்லை. மூன்றாவதைப் பிடித்தாள். அசையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் பழுதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, மூன்றாவதைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டு முதலாவதைத் திரும்பப் பிடித்தாள். கத்தியது. முதலாவதைக் கழற்றி மூன்றாவதைப் பூட்டினாள். அதுவும் கத்தியது. தனித்தனியாக இரண்டும் சுகமான சாமான். சேர்ந்து நின்றால்தான் ஊமை.

அவள் ஈரச் சீமெந்தில் அப்படியே இருந்துவிட்டாள். ரொபின்சனைக் கூப்பிட்டு, மூன்றாம் தொட்டிக்கு இதை எங்கே எடுத்தீர் என்று கேட்டாள். ஸ்பெயர் ஒன்று கிடந்ததே, மடுவுக்குப் போகிறபோது மாற்றினேன் என்றான். அவன் அதை ஒளிக்கவில்லை. அது ஒரு விஷயம் என்றே அவனுக்குத் தெரியாது, பிளக் மாற்றியதை யார் வந்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அவனே கிரைண்டரை எடுத்து இரண்டு கட்டியையும் அரிந்தான். நீலத் தூள் பறந்து அவன் மயிரெல்லாம் படிந்தது. உள்ளே இரண்டு குட்டிப் பலகை. இரண்டிலும் ஒரே இடத்தில் ஈயப் பொட்டு.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்" என்றாள் கிருஷாந்தினி. "ஒண்டாம் நம்பர் எண்டு கூப்பிட, ரெண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லியிருக்காங்க. கம்பி ஒண்டுதானே. ஒருத்தர் கம்பியைக் கீழ இழுத்துப் பிடிச்சா, மற்றவர் மேல விட்டாலும் அது கீழதான் நிக்கும். அதால குறைஞ்ச சூடுதான் பெட்டிக்குக் கேட்டிருக்கு. மூண்டாம் நம்பரைக் கூப்பிட ஆளே இல்லை. அதைத் தாண்டிப் போ எண்டு நான்தான் எழுதி வச்சனான்."

ரொபின்சன் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வாளி எடுத்தான். இரண்டாம் சென்சரைக் கழற்றிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை இருபத்தெட்டுக்கும் மற்றதை முப்பத்தொன்றுக்கும் பச்சைத்தண்ணீரும் சுடுதண்ணீருமாகக் கலந்து கலந்து கொண்டுவந்தான். முதலில் ஒவ்வொன்றையும் தனியாகப் பூட்டிப் பார்த்தான், சரியாகக் காட்டின. பிறகு இரண்டையும் சேர்த்துப் பூட்டினான்.

இருபத்தெட்டு. அப்படியே நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலுக்கு வந்த லூர்தம்மாவுக்கு மகன் நாலு சொல்லில் விஷயத்தைச் சொன்னான். அவள் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் அவளை எழுப்பி நாலு கேள்வி கேட்டிருப்பேன். கிருஷாந்தினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. ஜூலியட் பந்தலடியில் கட்டாக் கருவாட்டைப் பிரட்டிப் போட்டுக்கொண்டு நின்றாள். ரொபின்சன் அவளுக்கு முன்னால் போய் நின்று, அக்கா என்று கூப்பிட்டான். கிருஷாந்தினிதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல் மிச்சம் வைக்காமல், தன் பிழையையும் அவன் பிழையையும் சொன்னாள். அரிந்த இரண்டு பலகைகளையும் அவள் கையில் வைத்து, பொட்டுகளைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இதோ இப்போது இவள் முகம் மலரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலியட் கவனமாகக் கேட்டாள். பலகைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிருஷாந்தினியின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"உங்கட மனம் எனக்கு விளங்குது மச்சாள்" என்றாள். "ஆனா நான் நித்திரை கொண்டனான்."

"நீ கொள்ளயில்லை. நான் வந்து பார்த்தனான்" என்றேன்.

"அது நீங்கள் வரேக்க, அக்கா. நீங்கள் போன பிறகு கதிரையில சாய்ஞ்சனான். சோறு திண்ட களைப்பு. அது கத்தினது எனக்கு நல்ல ஞாபகம். கண் திறக்குது, உடம்பு எழும்ப மாட்டன் எண்டுது. கத்திக் கத்தி அதுவா நிண்டுபோச்சு."

கிருஷாந்தினி அழத் தொடங்கினாள். "மச்சாள், அது கத்தவே இல்லை. அண்டைக்கு முழுக்கக் கத்தவே இல்லை மச்சாள்."

ஜூலியட் மீன் மணக்கிற கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவளுடைய தோளைத் தடவினாள். பிள்ளையைத் தேற்றுகிற மாதிரித்தான் தேற்றினாள்.

"நீங்கள் அழாதேங்கோ. உங்கட மெஷினில ஒரு பிழையும் இல்லை" என்றாள். "அது கத்தினது. நான்தான் எழும்பயில்லை."